46-க்குள் ஒளிந்திருக்கும் 95! - டிசம்பர் வானிலையும், அடுத்த மூன்று மாதங்களும்

வடகிழக்குப் பருவமழைக் கணக்கை டிசம்பர் 31-ம் தேதியோடு முடித்துவிட்டது இந்திய வானிலை ஆய்வு மையம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்கு வர வேண்டிய மழை 44 செ.மீ. வந்தது 46 செ.மீ. ஏறத்தாழ 4 சதவிகிதம் அதிகம். மாநில, மாவட்ட அளவில் 19 சதவிகிதம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: 'இயல்பு'. ஆக, 2023-ல் தமிழகத்துக்கு இயல்பான வடகிழக்குப் பருவமழை!

இதைக் காயல்பட்டினத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

டிசம்பர் 18-ம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அந்தக் கடலோர ஊரில் பெய்த மழை 95 செ.மீ. மாநிலம் முழுமைக்கும் மூன்று மாதத்தில் சராசரியாகப் பெய்ய வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே ஊரில், ஒரே நாளில். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தாமிரபரணி கரை தாண்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல் தனித் தீவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில், தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. அதில் இருந்த சுமார் 800 பயணிகளில் பலர் இரண்டு இரவுகளை அங்கேயே கழிக்க வேண்டியிருந்தது.

செ.மீ. கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. வீட்டுக் கணக்காகப் பார்த்தால் புரியும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதன்மேல் 95 செ.மீ. பெய்தால் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏழை ஒரே வீட்டு மாடியில் கவிழ்த்ததற்குச் சமம். பக்கத்து வீட்டு மாடியிலும் ஏழு. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு. இது போதாதென்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை ஆற்று வழியாக இறங்கி வந்தது வேறு கணக்கு.

இத்தனைக்கும் அது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. பெயர் கிடையாது, கரையைக் கடக்கும் நேரம் கிடையாது, டி.வி-யில் சுழன்று சுழன்று வரும் படமும் கிடையாது. புயல் என்றால் எச்சரிக்கையாகிவிடும் மனம், 'மேலடுக்குச் சுழற்சி' என்ற சொல்லைக் கேட்டால் 'வழக்கமாகச் சொல்வதுதானே' என்று கடந்துபோய்விடுகிறது. அந்தச் சுழற்சி நகராமல் நின்றதுதான் வினையே. கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாதத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது பெயருள்ள புயல். மிக்ஜாம். அதுவும் நகரின் மேல் ஏறி வரவில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு அருகே கடலில் மெல்ல ஊர்ந்து, 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அந்த ஊர்தல்தான் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மக்களின் படுக்கையறைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ-க்கு மேல் மழை. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து முகத்துவாரத்தையும் மீனவர்களின் வலைகளையும் கறுப்பாக்கியது. ரேஷன் கடைகளில் 6,000 ரூபாய் நிவாரணம் வாங்க மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தெற்கே அடுத்த வெள்ளம்.

இவ்வளவும் நடந்த பருவத்துக்குத்தான் 'இயல்பு' என்று பெயர். எப்படி? அக்டோபரைப் பார்க்க வேண்டும். வழக்கமாக 17 செ.மீ. பெய்ய வேண்டிய அந்த மாதத்தில் தமிழகத்தில் 10 செ.மீ. மழையே பெய்தது. 40 சதவிகிதத்துக்கும் மேல் பற்றாக்குறை. குடையை எடுக்காமலே தீபாவளிக்குத் துணி எடுத்து முடித்தார்கள் பலர். அக்டோபர் பள்ளத்தை டிசம்பர் மேட்டால் நிரப்பிக் கணக்குப் போட்டால் சமதளம்! ஒரு கால் அடுப்பிலும் ஒரு கால் பனிக்கட்டியிலும் இருப்பவருக்குச் சராசரியாக நல்ல வெதுவெதுப்பு என்று சொல்வதைப் போலத்தான் இதுவும்.

வானிலைத் துறை பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. நீண்ட காலப் போக்கைப் பார்க்கவும், ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடவும் சராசரி இல்லாமல் முடியாது. சிக்கல், அந்த எண் செய்தித் தலைப்பாகி வீட்டுக்குள் வரும்போதுதான். 'இயல்பான மழை' என்று படிப்பவர் 'நம்ம ஊருக்கும் சரியாக இருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார். அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை.

இன்னொன்று, இயல்பு என்பதே கல்வெட்டு அல்ல. இப்போது நாம் பயன்படுத்துவது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரி. அதற்கு முன்பு 1961-2010 சராசரி. அந்தப் பழைய கணக்கில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 88 செ.மீ. புதிய கணக்கில் 87 செ.மீ. 2022-ல் இந்த மாற்றம் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அளவுகோலே கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு 'இயல்பைவிட இத்தனை சதவிகிதம்' என்ற செய்திகளைப் படிப்பது நல்லது.

ஆகஸ்ட் எழுதிய கடன் பத்திரம்

டிசம்பரில் தமிழகம் பார்த்ததை, ஆகஸ்ட்டில் நாடே பார்த்துவிட்டது, தலைகீழாக.

2023 தென்மேற்குப் பருவமழையின் மதிப்பெண் பட்டியல் இது: ஜூன் 91 சதவிகிதம், ஜூலை 113, ஆகஸ்ட் 64, செப்டம்பர் 113. மொத்தம் 94. அந்த ஆண்டு ஏப்ரலில் வானிலைத் துறை சொன்னது 96 சதவிகிதம், ஐந்து கூடலாம் குறையலாம் என்று. தனியார் நிறுவனமான ஸ்கைமெட் சொன்னது சரியாக 94. எப்படிப் பார்த்தாலும் கணிப்பு பலித்துவிட்டது. பரீட்சையில் பாஸ்!

ஆனால் அந்த ஆகஸ்ட்? நாடு முழுவதும் சராசரியாக 25 செ.மீ. பெய்ய வேண்டிய மாதத்தில் 16 செ.மீ. மட்டுமே. 1901-ல் பதிவு தொடங்கியதிலிருந்து இவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. வெப்பத்திலும் அதுதான் உச்சம் தொட்ட ஆகஸ்ட். தீபகற்ப இந்தியாவில் பாதிக்கும் மேல் மழை குறைவு. நெல், துவரை, சோளம், கரும்பு எல்லாம் தண்ணீருக்குத் தவிக்கும் நேரத்தில் மேகம் இமயமலை அடிவாரத்துக்குப் போய்விட்டது. அங்கே இமாச்சலில் நிலச்சரிவு, இங்கே கர்நாடகாவில் வறட்சி. கர்நாடகா தன்னுடைய 236 தாலுகாக்களில் 223-ஐ வறட்சி பாதித்தவையாக அறிவித்தது.

கர்நாடகாவில் மழை இல்லையென்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது தஞ்சாவூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஜூன் 12-ம் தேதி, அணையில் 103 அடி தண்ணீர் இருக்க, நம்பிக்கையோடு திறக்கப்பட்டது மேட்டூர். ஆகஸ்ட் முடிவதற்குள் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. காவிரி ஒழுங்காற்றுக் குழு, மேலாண்மை ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று தண்ணீர் காகிதத்தில் ஓடியது. குறுவையின் கடைமடைப் பயிர்கள் கருகின. அக்டோபர் 10-ம் தேதி, வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்கு மூன்றரை மாதம் முன்பாகவே, டெல்டா பாசனத்துக்கான தண்ணீர் நிறுத்தப்பட்டது.

செப்டம்பரில் வந்த 113 சதவிகித மழை, மொத்தக் கணக்கைச் சரிசெய்தது. ஆகஸ்ட்டில் கருகிய பயிரைச் சரிசெய்யவில்லை. பசித்தபோது கிடைக்காத சோறு மறுநாள் விருந்தாக வந்ததைப் போலத்தான்.

அந்த ஆகஸ்ட்டின் பாக்கியைச் சமையலறை 2024 தொடக்கத்திலும் கட்டிக்கொண்டிருந்தது. பருவமழை மீதான கவலையும் விலையேற்றமும் சேர்ந்து ஜூலையிலேயே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. 2024 மார்ச் 31 வரை அமலில் இருக்கும் என்று அப்போது அறிவிப்பு. அதே வாரத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்கவும் மத்திய அரசு தடை விதித்தது. மகாராஷ்டிரா, கர்நாடகாவில் கரும்பு விளைச்சல் குறையும் என்பதால் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாதே என்ற பயம். பத்து நாளுக்குள் அந்தத் தடை கொஞ்சம் தளர்த்தப்பட்டது. 2024 பொங்கலுக்கு மளிகைக்கடை சீட்டு எழுதும்போது கூடிவிட்ட தொகைக்கு, ஐந்து மாதத்துக்கு முன்பு பெய்யாத மழையும் ஒரு காரணம்.

சிவப்புக்கு மேல் நிறமில்லை

சரி, மாதக் கணிப்பும் பருவக் கணிப்பும் சராசரி பேசுகின்றன. அன்றாட எச்சரிக்கையாவது காப்பாற்றியிருக்க வேண்டாமா? தென் மாவட்ட வெள்ளத்துக்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே நடந்த வாக்குவாதம் இதைச் சுற்றித்தான். 'முன்கூட்டியே சொன்னோம்' என்றது ஒரு தரப்பு. 'இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே' என்றது மறுதரப்பு. இரண்டிலுமே உண்மை இருப்பதுதான் வேதனை.

ஒரே நாளில் 6.5 செ.மீ-க்கு மேல் பெய்தால் கனமழை. 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை. 20.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதோடு வகைகள் முடிந்துவிடுகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று உயரும் எச்சரிக்கையிலும் சிவப்போடு சரி. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், 95 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான். முன்னதில் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கலாம். பின்னதில் தெருவே இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இன்று நம்மிடம் சொல் இல்லை.

கணினி மாதிரிகளால் 'இந்த வட்டாரத்தில் மிகப்பெரிய மழைக்கு வாய்ப்பு' என்று இரண்டு, மூன்று நாளுக்கு முன்பே சொல்ல முடிகிறது. 'காயல்பட்டினத்தில் 95' என்று சொல்ல எந்த நாட்டு மாதிரியாலும் முடியாது. அந்த இடைவெளியைத் தொழில்நுட்பம் நிரப்பும்வரை, குளக்கரை பலமாக இருக்கிறதா, வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா, தாழ்வான பகுதி மக்களை எந்த மண்டபத்துக்கு அழைத்துப்போவது என்ற பழைய கேள்விகள்தான் உயிரைக் காப்பாற்றும். சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகு இந்தக் கேள்விகளை எழுப்பினால் பதில் தேட நேரம் இருக்காது.

வடக்கே கண் தெரியவில்லை

தெற்கு தண்ணீரில் தத்தளித்தபோது வடக்கு பனிமூட்டத்தில் தடுமாறியது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பஞ்சாப் முதல் உத்தரப்பிரதேசம் வரை கங்கைச் சமவெளி முழுக்க அடர்மூட்டம். டெல்லியில் விமானங்கள் தாமதம், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். 2024 பொங்கலுக்கு வடக்கிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு டிக்கெட்டோடு பொறுமையும் தேவைப்பட்டது. டெல்லிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை 2024 ஜனவரி 12 வரை நீண்டது.

இதில் ஒரு விநோதம் உண்டு. 2024 ஜனவரியில் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் இரவு வெப்பநிலை இயல்பைவிட அதிகமாகவே இருக்கும் என்றது வானிலைத் துறை. 'அப்படியென்றால் டெல்லியில் ஏன் இப்படி நடுங்குகிறார்கள்?' என்று தோன்றும். மூட்டம்தான் காரணம். பகலில் வெயிலைத் தரைக்கு இறங்கவிடாமல் தடுக்கிறது. அதனால் பகல் குளிர்கிறது. இரவில் தரையின் சூட்டை மேலே போகவிடாமல் போர்வையாக மூடுகிறது. அதனால் இரவு அவ்வளவாக இறங்குவதில்லை. குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் 'பரவாயில்லை' என்று தோன்றும். மதியம் ஒரு மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாதவருக்குத்தான் உண்மை தெரியும். சராசரியின் இன்னொரு விளையாட்டு.

காஷ்மீரில் நிலைமை வேறாக இருந்தது. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்தை 'சில்லாய் கலான்' என்பார்கள் அங்கே. பனிச்சறுக்குக்குப் பெயர்போன குல்மார்க்கில் 2024 ஜனவரி தொடக்கத்தில், அந்தக் காலத்திலும் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் மேற்கத்திய இடையூறுகள் அந்தப் பருவத்தில் வலுவாக வரவில்லை. சுற்றுலாக்காரர்களின் ஏமாற்றம் ஒருபக்கம் இருக்கட்டும். குளிர்காலத்தில் மலையில் சேரும் பனிதான் கோடையில் உருகி ஜீலத்திலும் செனாபிலும் ஓடும் தண்ணீர். ஆப்பிள் தோட்டத்துக்கும் அதுதான், வீட்டுக் குழாய்க்கும் அதுதான்.

அடுத்த மூன்று மாதங்கள்

2024 ஜனவரி முதல் மார்ச் வரை வட இந்தியாவில் மழை இயல்பான அளவில் இருக்கும் என்பது வானிலைத் துறையின் கணிப்பாக இருந்தது. இங்கே இயல்பு என்றால் சராசரியில் 86 முதல் 114 சதவிகிதத்துக்குள். ஜனவரியில் மட்டும் நாடு முழுமைக்கும் சேர்த்து இயல்பைவிட அதிகமாக, 118 சதவிகிதத்துக்கு மேல் மழை எதிர்பார்க்கப்பட்டது.

118 என்றதும் மிரள வேண்டாம், மகிழவும் வேண்டாம். ஜனவரியில் நாட்டின் சராசரி மழையே 2 செ.மீ-க்கும் குறைவு. அதில் 18 சதவிகிதம் என்பது சில மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு மேற்கத்திய இடையூறு வலுவாக வந்தால் கணிப்பு பலிக்கும்; வராமல் போனால் கவிழும். பஞ்சாபில் ஓர் ஈரமான வாரம் அமைவதைப் பொறுத்த விஷயம் இது.

பருவக் கணிப்போடு வெளியாகும் வண்ண வரைபடத்தைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கடந்தகால மழையை 'குறைவு', 'இயல்பு', 'அதிகம்' என மூன்று சம பங்காகப் பிரித்திருப்பார்கள். எதுவுமே தெரியாத நிலையில் மூன்றுக்கும் தலா 33 சதவிகித வாய்ப்பு. உலகின் பல கணினி மாதிரிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்த்து, 'உங்கள் பகுதியில் அதிகத்துக்கு 45 சதவிகிதம்' என்று வந்தால் அந்த நிறத்தைப் பூசுவார்கள். அந்த இடத்தில் மீதி 55 சதவிகித வாய்ப்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதை வரைபடத்தின் நிறம் சொல்லாது. அடர்ந்த நிறத்துக்குத்தான் மரியாதை. வெளிறிய நிறம் என்றால் 'இப்படி இருக்கலாம், எதற்கும் தயாராக இருங்கள்' என்று பொருள்.

இந்தக் கணிப்புகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆள் எல் நினோ. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும் நிலை. 2023 ஜூன் வாக்கில் தலைகாட்டி, ஆண்டு இறுதியில் வலுவான நிலையை எட்டியது. ஆகஸ்ட் வறட்சியில் அதன் கைவரிசை உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் எதிரி அல்ல, கூட்டாளி. ஒரே எல் நினோ கர்நாடகாவுக்குத் தென்மேற்கில் வில்லன், தமிழகத்துக்கு வடகிழக்கில் துணை. அந்தத் துணை சில சமயம் டிசம்பர் மாதிரி அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்துவிடுகிறது.

2024 ஏப்ரல் - ஜூனுக்குள் எல் நினோ தணிந்து நடுநிலைக்கு வர 60 சதவிகித வாய்ப்பு என்று 2023 டிசம்பரில் கணித்தது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு. 2024 தென்மேற்குப் பருவமழைக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றியது. அதற்கு முன்பு ஒரு கோடையைக் கடக்க வேண்டியிருந்தது. 2015-ல் தொடங்கிய பெரிய எல் நினோ அடங்கிக்கொண்டிருந்த 2016 மே மாதத்தில்தான் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. 2023 வரையிலான பதிவில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டும் அந்த 2016-தான். அதற்கு அடுத்த இடத்தில் அப்போது 2023 வந்து உட்கார்ந்தது, இயல்பைவிட 0.65 டிகிரி அதிகமாக. உலக அளவில் 2023-க்கு அப்போது முதலிடமே கொடுத்தது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலை மையம். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.48 டிகிரி அதிகம்.

இந்த வெப்பக் கணக்கில் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள் கோதுமை விவசாயிகள். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான் கோதுமைக் கதிர் பால் பிடித்து மணியாகிறது. அப்போது வெயில் முந்திக்கொண்டால் மணி சுருங்கிவிடும். 1901-க்குப் பிறகான மிக வெப்பமான மார்ச்சாக 2022 மார்ச் அமைந்தபோது அதுதான் நடந்தது. மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். 2023 பிப்ரவரியும் விட்டுவைக்கவில்லை; 1901-லிருந்து அதுவரை பார்த்தால் அதுவே மிகச் சூடான பிப்ரவரி. சப்பாத்தி மாவு விலை 2024 மே மாதத்தில் என்னவாகும் என்பதை அப்போதே அறிய விரும்பியவர்கள், மார்ச் மாத வெப்பநிலைக் கணிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்கு முடிந்தது, மழை முடியவில்லை

2024 ஜனவரியில் தமிழகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பருவமழைக் கணக்கு டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. பருவமழை அப்போதும் விடைபெறவில்லை. ஜனவரி 7, 8 தேதிகளில் கடலூர், விழுப்புரம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் கனமழை. பல மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. இந்த மழை வடகிழக்குப் பருவமழைக் கணக்கில் சேராது. ஜனவரி, பிப்ரவரியில் பெய்வதெல்லாம் 'குளிர்காலமழை' என்ற தனிப் பேரேட்டில் ஏறும். தமிழகத்தில் குளிர்காலமழையின் இயல்பு மிகச் சிறியது என்பதால், மாத முடிவில் 'இயல்பைவிடப் பல மடங்கு அதிகம்' என்று பிரமாண்டமான ஒரு சதவிகிதம் செய்தியாகும். அந்தச் சதவிகிதத்தைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. அது எங்கே விழுந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விழுந்தது அறுவடைக்கு நின்ற சம்பா வயலில்.

ஆற்றுத் தண்ணீர் அக்டோபரில் நின்றுபோன பிறகு, போர்வெல்லையும் வானத்தையும் நம்பி வளர்த்த பயிர் அது. கதிர் முற்றித் தலைசாய்க்கும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் பயிர் வயலோடு படுத்துவிடும். படுத்த கதிர் நான்கு நாள் தண்ணீரில் கிடந்தால் முளை விட்டுவிடும். அறுக்கலாம் என்றால் ஈர வயலில் இயந்திரம் இறங்காது. பெல்ட் வண்டி வைத்து அறுத்தால் நேரமும் வாடகையும் கூடுதல். எப்படியோ அறுத்துக் கரையேற்றி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தளர்வு கேட்டு மனு, மத்தியக் குழு ஆய்வு என்று அது தனியாக நகரும். அதுவரை நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைக்க வேண்டும்.

அந்த விவசாயிக்கு மூன்று மாதக் கணிப்பால் இப்போது உபயோகமில்லை. அவருக்குத் தேவை அடுத்த ஐந்து நாளைக்கான, அவருடைய வட்டாரத்துக்கான தகவல். அதுவும் கிடைக்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை, 'மேக்தூத்' என்ற செல்போன் செயலியில் தமிழிலேயே வருகிறது. நான்கு வாரங்களுக்கான நீட்டிக்கப்பட்ட கணிப்பு வியாழக்கிழமைதோறும் வெளியாகிறது. மாதக் கணிப்பை விதை வாங்கும் முன்பும், நான்கு வாரக் கணிப்பை நடவுக்கு முன்பும், ஐந்து நாள் கணிப்பை அரிவாளை எடுக்கும் முன்பும் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் குறைவு. தொலைக்காட்சியில் ஓடும் 'தமிழகத்தில் இயல்பான மழை' என்ற ஒற்றை வரி இந்த மூன்று வேலைக்குமே ஆகாது.

2024 பொங்கலன்று, ஜனவரி 15-ம் தேதி, இந்திய வானிலைத் துறை தன்னுடைய 150-வது ஆண்டில் அடியெடுத்து வைத்தது. 1875-ல் தொடங்கிய துறை. பிப்ரவரி மாதத்துக்கான கணிப்பு அந்த மாதக் கடைசியில் வெளியாவதாக இருந்தது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை முறைப்படி விடைபெற்றிருந்தது. டெல்டாவில் அப்போதைய கேள்வி அதுவல்ல. போகிக்குள் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்குமா என்பதுதான். அறுவடை இயந்திரங்கள் சாலையோரத்தில் வயல் காயக் காத்து நின்றன.